பழைய காருக்கு வீதி உதவி: பணம் கட்டுமுன் பத்திரத்தைப் படியுங்கள்

வியாபாரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் இருப்பவன் நான். சாமான் வாங்கும்போது மூட்டையைப் பிரித்துப் பார்க்காமல் ஒரு நாளும் பணம் கொடுத்ததில்லை. ஆனால் என் காரின் காப்புறுதிப் பத்திரத்தை மட்டும் பிரித்துப் பார்க்காமலேயே வருடா வருடம் பணம் கட்டி வந்திருக்கிறேன். அதன் பலனை 2024 ஒக்டோபரில் ஓர் இரவு நடுவீதியில் அனுபவித்தேன். அந்த அனுபவம் மற்றவர்களுக்கும் உதவட்டும் என்றுதான் இந்த வாரம் இதனை எழுதுகிறேன்.

உம்மாவுக்குக் கொழும்பில் கண் சத்திரசிகிச்சை செய்து, ஒரு கண்ணில் கட்டுடன் காத்தான்குடிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். என்னுடைய வாகனம் கொரோலா 110. வயது 26. ஹபரணையைத் தாண்டியபோதே டேஷ்போர்டில் பெற்றரி அடையாளம் சிவப்பாக எரிந்தது. "வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று நினைத்தேன். அதுதான் முதல் பிழை. மன்னம்பிட்டியைத் தாண்டி வெலிகந்தைக்குப் போகும் வழியில் ஹெட்லைட் மங்கி மங்கி மஞ்சளாகியது. பிறகு எஞ்சினும் நின்றது. நேரம் இரவு எட்டரை. இரு பக்கமும் காடு. யானை வீதிக்கு வரும் இடம் என்பது அந்தப் பாதையில் போய்வரும் எல்லோருக்கும் தெரியும்.

காப்புறுதிக் கம்பனியின் அவசர இலக்கத்துக்கு அழைத்தேன். எனக்குத் தந்த துண்டுப்பிரசுரத்தில் "24 மணிநேர வீதி உதவி" என்று பெரிய எழுத்தில் இருந்தது. பேசிய பிள்ளை மரியாதையாகத்தான் பேசினார். வாகன இலக்கத்தைக் கேட்டார், கொஞ்சம் பொறுக்கச் சொன்னார், பிறகு சொன்னார்: "சேர், விபத்து என்றால் நாங்கள் வாகனத்தை இழுப்போம். இயந்திரக் கோளாறுக்கு வரும் சேவை 15 வருடத்துக்குக் குறைந்த வாகனங்களுக்கு மட்டும்தான்."

பொலன்னறுவையில் இருந்த ஒரு கெரியர்காரரின் இலக்கம் கிடைத்தது. காத்தான்குடி வரை கொண்டுபோக 35,000 ரூபா கேட்டார். வர ஒன்றரை மணி நேரம் ஆகும் என்றார். ஓட்டமாவடியில் இருக்கும் என் ராத்தாவின் மகனுக்கு அழைத்தேன். "மாமா, காரைவிட்டு இறங்காதீங்க, நான் பாஸைக் கூட்டிக்கிட்டு வாறேன்" என்றார். அவர் வரும்வரை எங்களுக்குத் துணையாக நின்றவர் நெல் ஏற்றிக்கொண்டு வந்த ஒரு சிங்களச் சகோதரர். உம்மாவின் கண்கட்டைப் பார்த்துவிட்டு, தன் லொறியை எங்களுக்குப் பின்னால் நிறுத்தி, விளக்குகளை எரியவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தார். பணம் கொடுக்கப் போனேன், வாங்கவில்லை.

மருமகன் கொண்டு வந்த சார்ஜ் ஏற்றிய பெற்றரியை மாட்டி ஓட்டமாவடி வரை வந்து சேர்ந்தோம். மறுநாள் பார்த்ததில் அல்டர்நேட்டர் பழுது. அதைத் திருத்தக் கொடுத்த பணம், கெரியர்காரர் கேட்ட பணத்தின் பாதிகூட இல்லை.

வீடு வந்ததும் காப்புறுதிப் பத்திரத்தை எடுத்துப் படித்தேன். நான்காம் பக்கத்தில், சிறிய எழுத்தில், ஆங்கிலத்தில் எல்லாம் இருந்தது. கம்பனி பொய் சொல்லவில்லை. நான்தான் படிக்கவில்லை.

ஏன் இப்போது இது முக்கியம்?

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் பாவனைக்கான வாகனங்களை மீண்டும் கொண்டுவர 2025 பெப்ரவரியில்தான் அனுமதி கிடைத்தது. அனுமதி கிடைத்தாலும் வரியோடு சேர்த்து விலை நம்மில் பலருக்கு எட்டாத உயரத்தில் நின்றது. ஆகவே 15, 20, 25 வருட வாகனங்களை வைத்துக்கொண்டுதான் பெரும்பாலான குடும்பங்கள் காலத்தை ஓட்டுகின்றன. எப்.பி. 15 சனி, 110 கொரோலா, டொல்பின் வான், டவுன்ஏஸ் என்று நம் ஊர்களில் ஓடுபவற்றைப் பாருங்கள். எல்லாம் நல்ல வாகனங்கள்தான். ஆனால் வீதி உதவி அதிகம் தேவைப்படுவதும் இவற்றுக்குத்தான், வீதி உதவியின் நிபந்தனைகள் வெளியே தள்ளுவதும் இவற்றைத்தான்.

எத்தனை வழிகள் உண்டு?

முதலாவது, மூன்றாம் தரப்புக் காப்புறுதி. இது சட்டப்படி எல்லோரும் எடுக்க வேண்டியது. நம் வாகனத்தால் மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டுமே அது. நம் கார் நின்றுபோனால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

இரண்டாவது, முழுக் காப்புறுதியோடு சேர்த்துத் தரப்படும் வீதி உதவி. சில இடங்களில் இலவசம், சில இடங்களில் மேலதிகக் கட்டணம். "இலவசம்" என்று வருவதில்தான் நிபந்தனை அதிகம். விபத்தின் பின் வாகனத்தை இழுப்பதும், கோளாறு ஏற்பட்டால் வந்து பார்ப்பதும் இரு வேறு விடயங்கள். இதைப் பிரித்துக் கேட்க வேண்டும்.

மூன்றாவது, சங்க உறுப்புரிமை. இலங்கை மோட்டார் வாகனச் சங்கம் 1904ஆம் ஆண்டில் தொடங்கியது. சர்வதேசச் சாரதி அனுமதிப் பத்திரத்துக்காகப் பலர் அங்கே போயிருப்பீர்கள். வழியில் நின்ற உறுப்பினரின் வாகனத்துக்கு உதவுவது இத்தகைய சங்கங்களின் பணிகளில் ஒன்று. சேருமுன் நம் ஊர்ப்பக்கம் வருவார்களா, எவ்வளவு தூரம் வருவார்கள் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

நான்காவது, நாமே செய்துகொள்ளும் ஏற்பாடு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

காப்புறுதியே கூடாது என்று ஒதுங்கியிருந்தவர்களுக்கு 1999 முதல் தகாபுல் முறையும் இந்நாட்டில் உண்டு. பலருடைய பங்களிப்பைச் சேர்த்து, பாதிக்கப்பட்டவருக்கு அதிலிருந்து உதவும் முறை அது. ஆனால் தகாபுல் என்பதற்காக நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம். எந்தப் பத்திரமானாலும் கேட்க வேண்டிய கேள்விகள் ஒன்றுதான்.

கேட்க வேண்டிய கேள்விகள்

ஒன்று: வாகனத்தின் வயதெல்லை என்ன? உற்பத்தி செய்த வருடத்திலிருந்து கணக்கா, இலங்கையில் பதிவு செய்த வருடத்திலிருந்து கணக்கா? பாவித்த நிலையில் ஜப்பானிலிருந்து வந்த வாகனத்துக்கு இரண்டுக்கும் இடையில் சில வருட வித்தியாசம் இருக்கும். இந்த வருடம் ஏற்றுக்கொண்டவர்கள் அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது வயதைக் காட்டி வெளியேற்றுவார்களா என்றும் கேளுங்கள்.

இரண்டு: எத்தனை கிலோமீற்றர் வரை இலவசமாக இழுப்பார்கள்? அதற்கு மேல் கிலோமீற்றருக்கு எவ்வளவு? அவர்களுடைய வாகனம் நம்மிடம் வரும் தூரமும் அதில் சேருமா? 20 கிலோமீற்றர் என்பது கொழும்புக்குள் போதும். வெலிகந்தையில் நிற்பவருக்கு அது எந்த மூலைக்கு?

மூன்று: எங்கே கொண்டுபோய் விடுவார்கள்? பக்கத்துக் கராஜுக்கா, அவர்கள் சொல்லும் கராஜுக்கா, நாம் சொல்லும் கராஜுக்கா? பழைய வாகனத்தை அறிந்த பாஸ் ஒருவரிடம் போவதும், கண்ட இடத்தில் விடுவதும் ஒன்றல்ல.

நான்கு: வருடத்துக்கு எத்தனை தடவை அழைக்கலாம்? ஒரே கோளாறுக்கு இரண்டாம் முறையும் வருவார்களா? தெரிந்த கோளாறைத் திருத்தாமல் ஓட்டினால் மறுக்கும் நிபந்தனை இருக்கிறதா?

ஐந்து: எதற்குக் காசு இல்லை, எதற்குக் காசு உண்டு? சில்லு மாற்றுவது, பெற்றரிக்கு ஜம்பர் கொடுப்பது, பூட்டிய கதவைத் திறப்பது போன்றவற்றுக்குக் கூலி இருக்காது. ஆனால் கொண்டுவரும் பெற்றோலுக்கும் போடும் உதிரிப்பாகத்துக்கும் நாம்தான் பணம் கொடுக்க வேண்டும்.

ஆறு: வீட்டு வாசலில் நின்றாலும் வருவார்களா? பழைய வாகனம் காலையில் வீட்டில்தான் ஸ்டார்ட் ஆகாமல் நிற்கும். பல திட்டங்களில் வீட்டுக்கு வருவது சேராது.

ஏழு: பணம் கட்டிய அன்றே சேவை தொடங்குமா, சில நாட்கள் பொறுக்க வேண்டுமா? உதவி வாகனத்துக்கா, சாரதிக்கா? மகன் ஓட்டிக்கொண்டு போனாலும் கிடைக்குமா?

எட்டு: என்ன வாகனத்தில் இழுப்பார்கள்? ஹைபிரிட் வாகனமும் நான்கு சில்லும் இழுக்கும் ஜீப் வகையும் வைத்திருப்பவர்களுக்கு இது முக்கியம். எஞ்சினோடு தொடர்புள்ள சில்லுகள் வீதியில் உருள இழுத்தால் கியர் பெட்டியும் மோட்டாரும் பழுதாகும். முழு வாகனத்தையும் மேலே ஏற்றும் கெரியர்தான் வேண்டும்.

வியாபாரிகளுக்கு இன்னொன்று. தனிப்பட்ட பாவனை என்று பதிந்த வானில் கடைச் சாமான் ஏற்றிப் போகிறோம். வர்த்தகப் பாவனை என்று சொல்லிச் சேவையை மறுக்க இடமிருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

பதில்களை வாயால் கேட்டுத் திருப்தியடைய வேண்டாம். எழுத்தில் கேளுங்கள், தமிழில் கேளுங்கள். முகவர் தயங்கினால் அதுவே ஒரு பதில்தான். பணம் கட்டிய பின் பத்திரத்தில் உள்ளதையும் தர மறுத்தால், முதலில் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமும், இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமும் போகலாம்.

இலாபமா, நட்டமா?

வியாபாரி என்றால் கணக்குப் பார்க்காமல் இருக்க முடியுமா? என் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டினேன். மூன்று வருடத்தில் நான்கு தடவை வழியில் நின்றிருக்கிறேன். இரண்டு தடவை பெற்றரி, ஒரு தடவை டயர், ஒரு தடவை இந்த அல்டர்நேட்டர். முதல் மூன்றும் ஊருக்குள். தெரிந்தவர்கள் வந்து சில ஆயிரம் ரூபாவோடு முடிந்தது. ஊருக்குள் மட்டும் ஓடும் பழைய காருக்கு வருடா வருடம் பெரிய தொகை கட்டி வீதி உதவி எடுப்பது எனக்கு இலாபமாகத் தெரியவில்லை. மாதம் ஒரு தடவையாவது கொழும்புக்கோ கண்டிக்கோ போய்வருபவருக்குக் கணக்கு வேறு. ஒரே ஒரு தூர இழுப்பு, சில வருடக் கட்டணத்தை விழுங்கிவிடும். அவர்கள் தூர எல்லை கூடிய திட்டமாகப் பார்த்து எடுப்பதே புத்தி.

இன்னொரு கணக்கும் உண்டு. இறக்குமதி நின்ற காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறியது. பத்திரத்தில் பழைய பெறுமதியையே வைத்திருந்தால், விபத்து நட்டஈட்டை அந்த விகிதத்தில் குறைத்துத் தர நிபந்தனை இருக்கலாம். புதுப்பிக்கும்போது இதையும் பாருங்கள்.

எங்கும் சேர்க்காத வாகனம் என்றால்?

என் கார் அந்த இனம்தான். நான் செய்தது இது. நான் வழமையாகப் போகும் பாதையில் காத்தான்குடி, ஓட்டமாவடி, பொலன்னறுவை, தம்புள்ளை, குருநாகல் ஆகிய ஐந்து ஊர்களிலும் ஒவ்வொரு கெரியர்காரரின் இலக்கத்தையும், தூரத்துக்கு என்ன கூலி என்பதையும் பகலில் ஆறுதலாகக் கேட்டு எழுதினேன். ஒரு பிரதி தொலைபேசியில், ஒரு பிரதி தாளில். இரவில் தொலைபேசியின் சார்ஜ் தீர்ந்தால் தாள்தான் கைகொடுக்கும். வருடக் கட்டணமாகக் கட்டியிருக்கக்கூடிய தொகையைத் தனியாக ஒதுக்கி வைக்கிறேன். அதை வேறு தேவைக்குத் தொடுவதில்லை.

அதிவேகப் பாதையில் நின்றால் நாமே திருத்த முயலக் கூடாது. வாகனத்தை இடது ஓரத்துக்கு எடுத்து, நான்கு சிக்னலையும் போட்டு, எல்லோரும் இறங்கிப் பாதுகாப்பு வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு 1969க்கு அழைக்க வேண்டும்.

எல்லாவற்றையும் விட மலிவான வீதி உதவி, புறப்படுமுன் பார்ப்பதுதான். நம் வெப்பத்தில் மூன்று வருடம் கடந்த பெற்றரியை நம்பித் தூரம் போகாதீர்கள். எஞ்சின் ஓடும்போது பெற்றரியில் சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைந்தால் அல்டர்நேட்டரைப் பாருங்கள். பாஸிடம் மீற்றர் இருக்கும், இரண்டு நிமிட வேலை. ரேடியேட்டர் ஹோஸ், பெல்ட் இரண்டையும் வெடிக்கும்வரை வைத்திருக்காமல் மாற்றுங்கள். டயரின் பக்கத்தில் உள்ள நான்கு இலக்கம் உற்பத்தியான வாரமும் வருடமும் ஆகும். 1219 என்றால் 2019ஆம் ஆண்டின் 12ஆம் வாரம். பூ இருக்கிறதே என்று கிழட்டு டயரில் ஓடாதீர்கள். பஞ்சிகாவத்தையில் பாவித்த அல்டர்நேட்டர் வாங்கினால் மாற்றித்தரும் உத்தரவாதத்தைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

உம்மாவின் கண் நன்றாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். அடுத்த முறை கிளினிக்குக்குப் புறப்பட்டபோது காரில் ஏறுமுன் ஒரு கேள்வி கேட்டார்: "மகன், அந்தக் கடதாசியெல்லாம் வாசிச்சிட்டீங்களா?" வாசித்துவிட்டேன் என்றேன். அதன் பிறகுதான் ஏறினார்.