தோலாவும் பவுனும்

வடநாட்டில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமானதும் இருவேறு அளவைகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. ஊரிலுள்ள பெரியோர் ‘ஐந்து பவுன்’ என்கின்றனர். தில்லியிலோ கான்பூரிலோ உள்ள கடைக்காரர் தோலாக் கணக்கில் பேசுகிறார். விலை கூறும் முறையும் வேறு. தமிழ்நாட்டில் 22 காரட் தங்கத்திற்குப் பவுன் விலை. வடக்கே பெரும்பாலும் 24 காரட் தங்கத்திற்குப் பத்துக் கிராம் விலை. எங்கே வாங்குவது நயம் என்று அறிய, இவ்விரண்டையும் ஒப்புநோக்க வேண்டியவர்களாகிறோம்.

இதற்கு வேண்டிய கணக்கு நம் நாட்டில் மிகப் பழையது. கி.பி. 499இல் ஆரியபடர் இயற்றிய நூலிலேயே திரைராசிகம் கூறப்பட்டுள்ளது. அறிந்த அளவு பிரமாணம். அதற்குரிய பயன் பலன். நாம் வேண்டும் அளவு இச்சை. பலனை இச்சையால் பெருக்கிப் பிரமாணத்தால் வகுத்தால் விடை கிட்டும். பிரமாணமும் இச்சையும் ஓரினமாக இருத்தல் வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. கிராமைக் கிராமோடுதான் ஒப்பிடலாம்.

பவுன் என்பது 8 கிராம். எனவே பவுனுக்கும் பத்துக் கிராமுக்கும் உள்ள விகிதம் 4:5. மாற்றிலும் ஒரு விகிதம் உண்டு: 22 காரட்டுக்கும் 24 காரட்டுக்கும் 11:12. நகையில் பொறிக்கப்படும் 916 என்னும் எண் இதனையே ஆயிரத்தின் பகுதியாகக் காட்டுகிறது. இரு விகிதங்களையும் பெருக்கினால் 11:15. பத்துக் கிராம் சொக்கத் தங்கம் 60,000 ரூபாய் எனக் கொள்வோமாயின், ஒரு பவுன் ஆபரணத் தங்கத்தின் மதிப்பு 44,000 ரூபாய், கிராமுக்கு 5,500.

தோலா விஷயத்தில் மட்டும் விழிப்பு வேண்டும். பழைய தோலா ஏறத்தாழ 11.66 கிராம். இன்று பல கடைகளில் பத்துக் கிராமையே தோலா என வழங்குகின்றனர். பத்துக் கிராம் தோலாவாயின் நான்கு தோலா சரியாக ஐந்து பவுன். பழைய தோலாவாயின் அந்நான்கும் 46 கிராமைத் தாண்டிவிடும். எத்தோலா என்று கேட்பதில் வெட்கத்திற்கு இடமில்லை. ரசீதிலும் கிராம் கணக்கே இருக்கட்டும்.

செய்கூலியை ஒருவர் நூற்றுக்குப் பன்னிரண்டு என்பார். மற்றொருவர் கிராமுக்கு 600 ரூபாய் என்பார். மேற்கண்ட விலையில் முன்னது கிராமுக்கு 660 ரூபாயாகிறது. நாற்பது கிராமுக்கு வேற்றுமை 2,400 ரூபாய். தங்கம் விலையேறுந்தோறும் சதவீதக் கூலியும் உடன் ஏறும். கைவேலை என்னவோ அதேதான்!

ஆனால் எல்லாமே எடைக்கேற்ப வளர்வதில்லை. தர முத்திரைக் கட்டணம் உருப்படிக்கு இவ்வளவு என்பது. கிராமுக்கு இவ்வளவு அன்று. எடை ஒன்றாயினும் ஒரே சங்கிலிக்கு ஒரு கட்டணம், ஆறு வளையல்களுக்கு ஆறு கட்டணம். இதனைத் திரைராசிகத்தில் சேர்க்காமல், கணக்கு முடிந்த பின்னர்த் தனியே கூட்டிக்கொள்வதே முறை.