வாலான், களர்ப்பாலை, ரேடியோ நெல்

பாரம்பரிய நெல்லைப் பற்றிப் பேச்செடுத்தாலே பெயர்களை மூச்சுவிடாமல் அடுக்குவது வழக்கமாகிவிட்டது. பள்ளு பாடிய புலவர்களும் அதைத்தான் செய்தார்கள், கேட்க இனிமைதான். ஆனால் அந்தப் பெயர்களைப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் பல சாகுபடிக் குறிப்புகள் என்பது தெரியவரும். களர்ப்பாலை எந்த மண்ணைத் தாங்கும் என்பதையும், மடுமுழுங்கி எவ்வளவு நீரில் நிற்கும் என்பதையும், அறுபதாம் குறுவை ஏறக்குறைய எத்தனை நாள் வயது என்பதையும் பெயரிலேயே வைத்திருக்கின்றன. சீரகச் சம்பாவும் மிளகு சம்பாவும் மணியின் வடிவைச் சொல்கின்றன. இந்தப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு அடுக்காக இருப்பதையும் கவனிக்கலாம். கார், குறுவை, சம்பா என்று பின்னால் வரும் சொல் இனத்தைச் சொல்கிறது. முன்னால் வரும் அடை அந்த இனத்துக்குள் ஒன்றைத் தனியே காட்டுகிறது.

பின்னால் வரும் அந்தச் சொல் வெறும் பருவப்பெயர் என்று தள்ளிவிட முடியாது. பழைய சம்பா ரகங்களில் பல, பகல்பொழுது குறையும்போதுதான் பூக்கும். அவற்றைச் சில வாரம் முன்பின்னாக விதைத்தாலும் கதிர் வெளிவரும் காலம் அதிகம் மாறாது. மழைக்காலத்தின் கடைசியில் பூத்து, தையை ஒட்டி அறுவடைக்கு வரும். குறுவையில் நடும் நெல்லுக்கு இந்தக் குணம் இருக்கவே கூடாது. ஆனியில் நட்டது பகல் குறையட்டும் என்று காத்திருந்தால் குறுவை சம்பாவோடு போய்ச் சேர்ந்துவிடும். ஒளிக்காலத்துக்குப் பயிர் காட்டும் இந்த எதிர்வினையை அறிவியல் 20ஆம் நூற்றாண்டில்தான் விளக்கியது. உழவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. எதை எப்போது விதைப்பது என்ற முடிவு பெயருக்குள்ளேயே இருந்தது. இலங்கையில் சம்பா என்றால் சிறிய உருண்டை அரிசி என்று பொருள் மாறிவிட்டது. ஒரு சொல் தன் வயலை விட்டு நகர்ந்தால் அதன் பழைய உள்ளடக்கம் கூடவே போவதில்லை.

முன்னால் வரும் அடைகள் கண்ணுக்குத் தெரிவதையே பெரிதும் பிடித்துக்கொள்கின்றன: கருப்பு, வெள்ளை, குள்ளம், கட்டை, நெல் நுனியில் மீசை நீண்டால் வாலான். உழவருக்கு முக்கியமானவை விளைச்சலும் சோற்றின் பதமும் பழையது நிற்குமா என்பதும்தானே, அவற்றை ஏன் பெயராக்கவில்லை? காரணம் விதைநெல். விதைக்கு ஒதுக்கிய வயலில் ருசியைப் பார்த்துக் கலப்புச் செடிகளைப் பிடுங்க முடியாது. கதிர் நிறத்தையும் மீசையையும் பார்த்துத்தான் முடியும். அமேசான் காட்டின் அகுவாருனா மக்கள் பயிரிடும் மரவள்ளியை ஆராய்ந்த ஜேம்ஸ் பாஸ்டர், 1985இல் இதே திசையில் வாதிட்டார்: ஒரு ரகத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அது மற்றதிலிருந்து வேறாகத் தெரிய வேண்டும், ஆகவே பயன் தரும் குணத்தோடு வேறுபாட்டையும் சேர்த்தே மனிதர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒரே பெயரில் ஊருக்கு ஊர் வேறு நெல் இருக்கிறது, ஒரே நெல்லுக்குப் பல பெயர் இருக்கிறது. அப்படியிருக்க எதை நம்புவது? மறுப்பு பாதி சரி. நெல் பெரும்பாலும் தன்மகரந்தச் சேர்க்கையில் காய்ப்பதால் பெயரும் விதையும் ஓரளவு ஒட்டியே பயணிக்கும்; கம்பு போன்ற அயல்மகரந்தப் பயிரில் அந்த உறுதி கிடையாது. நெல்லிலும்கூட ஒரு நாட்டு ரகம் என்பது நெருங்கிய பல மரபுவழிகளின் கூட்டம்தான். கோனாமணி நெல்லிலிருந்து தனியே பிரித்தெடுத்து 1921இல் வெளியான ஜி.இ.பி. 24 இதற்குச் சான்று. அதன் எழுத்துகள் அரசின் பொருளாதாரத் தாவரவியலாளர் என்ற பதவிப்பெயரைக் குறிப்பவை. மக்களிடம் அது கிச்சிலி சம்பாவாயிற்று. இன்று கிச்சிலி சம்பா பாரம்பரிய அரிசியாகக் கடையில் விற்கிறது. ஆகவே பெயரை மட்டும் வைத்துப் பழமையையோ மரபணுத் தூய்மையையோ நிரூபிக்க முடியாது. மாப்பிள்ளை சம்பாவின் பெயரை வைத்து மருத்துவக் குணம் சொல்வதற்கும் இது பொருந்தும்.

அதற்காகப் பெயரை விட்டுவிட்டு ஆய்வு நிலையம் தரும் எண்ணே போதும் என்று ஆகிவிடாது. ஏ.டி.டி. 43 என்றால் ஆடுதுறையில் உருவான 43ஆவது வெளியீடு. அது ஆய்வு நிலையத்தின் பதிவேட்டுக்குத் துல்லியம், வரப்பில் நிற்பவருக்கு எதையும் சொல்லாது. அதனால்தான் எண்களும் வயலுக்கு வந்ததும் பெயராகின்றன. 1960களில் திருச்சி வானொலி பரப்பிய ஏ.டி.டி. 27 தஞ்சையில் ரேடியோ நெல் ஆனது. பாபட்லாவில் பிறந்த பி.பி.டி. 5204 இங்கே ஆந்திரா பொன்னி. வியாபாரிகள் கைக்குப் போனதும் பொன்னி என்பதே சன்ன அரிசிக்குப் பொதுப்பெயராய்த் தேய்ந்தது வேறு கதை.

இந்தப் பேச்சு வெறும் சொல்லாராய்ச்சியாக நின்றுவிடாததற்குச் சட்டமும் ஒரு காரணம். 2001ஆம் ஆண்டின் பயிர் ரகங்கள் மற்றும் உழவர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம் உழவர் ரகங்களையும் பதிவு செய்ய வழி தருகிறது. ஆனால் தனித்தன்மை, ஒருமை, நிலைத்தன்மை ஆகியவற்றைக் கேட்கிறது, ஒரு ரகத்துக்கு ஒரு பெயர் வேண்டும் என்கிறது. வயலில் பெயர் அப்படி இயங்கவில்லை. ஓர் ஊரின் கருப்புக் கவுனியைப் பதிந்தால் அடுத்த ஊர்க் கவுனி என்ன ஆகும்? பெயரோடு ஊர், பருவம், மண், வயது, விதைநெல் பொறுக்குபவர் கலப்பை எந்த அடையாளத்தால் பிடுங்குகிறார் என்பது ஆகியவற்றையும் எழுதிவைத்தால் இரண்டு கவுனிகளும் பிழைக்கும். கண்காட்சிகளில் கைமாறும் விதைப் பொட்டலங்களில் இன்று பெரும்பாலும் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறது.