கைப்பேசியும் கறிகாய்க் கூடையும்

கீரைக் கூடைக்கு அருகிலும் இப்போது ஓர் அட்டை நிற்கிறது. அதிலுள்ள கறுப்புக் கட்டங்களுக்கு நேரே கைப்பேசியைப் பிடித்துத் தொகையைக் குறித்தால், நம் வங்கிக் கணக்கிலிருந்து பணம் விற்பவளுடைய கணக்குக்குப் போய்ச் சேருகிறது. யு.பி.ஐ. என்னும் இவ்வேற்பாடு 2016-ல் தொடங்கிற்று. 2023 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 1,000 கோடித் தடவைக்கு மேல் இவ்வழியே பணம் கைமாறியது. சில்லறைத் தகராறு குறைந்தது. (பாக்கிக்குப் பதில் மிட்டாய் தரும் கடைக்காரரிடமிருந்தும் தப்பினோம்!)

ஆனால் ரொக்கத்துக்கு ஞாபகசக்தி கிடையாது, இதற்கு உண்டு. 2025 ஜூலையில் பெங்களூர்ச் சிறு வியாபாரிகள் அதை அறிந்தார்கள். யு.பி.ஐ. வரவை ஆதாரமாகக் கொண்டு, கர்நாடக வணிகவரி இலாகா பலருக்கு நோட்டீஸ் அனுப்பிற்று. ஆண்டுக்கு 40 லட்ச ரூபாய்க்கு மேல் சரக்கு விற்றால் ஜி.எஸ்.டி.யில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பது சட்டம். சட்டத்தை நாம் குறை கூறவில்லை. எனினும், மைத்துனன் திருப்பித் தந்த கைமாற்றும் அதே கணக்கில்தானே விழுகிறது? பச்சைக் காய்கறிக்கோ வரியே இல்லை. மொத்தத் தொகைக்கு இந்த வேற்றுமையெல்லாம் தெரியுமா? பல கடைகளில் அட்டை மறைந்து, “ரொக்கம் மட்டும்” என்னும் அறிவிப்பு ஏறியது.

அதே வரவுப் பதிவு நன்மைக்கும் உதவக்கூடும். 2020-ல் தொடங்கிய ஸ்வநிதித் திட்டத்தில் தெரு வியாபாரிகளுக்கு ஈடில்லாமல் முதற்கடனாக 10,000 ரூபாய் கிடைத்தது. கைப்பேசி வழியே பணம் பெறுவோருக்குச் சிறு ஊக்கத்தொகையும் உண்டு. தினவட்டிக்காரனிடம் கைநீட்டுகிறவளுக்கு இது அற்பமல்ல. அட்டையை நட்டுச் சென்றவர்கள், கடை வரவையும் வீட்டு வரவையும் பிரித்து எழுத அவளுக்கு அன்றே சொல்லிக் கொடுத்திருக்கலாம்.