பியூஸ் கட்டையைப் பிடுங்கி பையில் போடு!

சென்னையில் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு அடுக்குமாடி எழும்பிக்கொண்டு இருக்கிறது. அங்கே வயர்மேனுக்குப் பின்னால், வயர் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு வாலிபர் போவார். அவர்தான் "ஹெல்பர்".

அவர் உயிர் எதில் தொங்குகிறது தெரியுமா? 2 தீக்குச்சியில்!

தீக்குச்சி பிளக்

தண்ணீர் மோட்டார் வயரில் பிளக் இருக்காது. வயர் நுனியைச் சீவி, ஓட்டையில் விட்டு, தீக்குச்சியால் அழுத்தி இருப்பார்கள். எர்த் வயர் அனாதையாகத் தொங்கும். மோட்டாரில் கசிவு ஏற்பட்டால், தொட்டவர் உடம்பு வழியாகத்தான் கரண்டு தரைக்குப் போகும்.

தரையோ ஈரம். கான்கிரீட் இறுகத் தண்ணீர் ஊற்றி இருக்கிறார்கள்.

"பியூஸ்தான் இருக்கே, போயிடும்ல?" என்பார்கள். தப்புக் கணக்கு! 5 ஆம்பியர் பியூஸ் என்றால் 5 ஆயிரம் மில்லி ஆம்பியர். ஒரு மனிதன் கதை முடிய அதில் நூறில் ஒரு பங்கு போதும்.

பியூஸ் வயரைக் காப்பாற்றும். ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும். ஆனால் ஒரு கையில் பேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதுவும் கைவிட்டுவிடும்.

"யாருடா போட்டது?"

நாம் போன ஒரு கட்டிடத்தில், ஹெல்பர் ஏணி மீது நின்று லைட் பாயிண்டில் வயர் முறுக்கிக்கொண்டு இருந்தார். கீழே டைல்ஸ் ஆள், மெஷின் ஓடவில்லையே என்று மெயினைப் போட்டுவிட்டார்.

"ஐயோ அண்ணே!"

ஏணியோடு விழுந்தார். மணல் குவியல் இருந்ததால் கை முறிவோடு தப்பினார்.

"யாருடா மெயினைப் போட்டது?" என்று வயர்மேன் கத்தினார். பதில் இல்லை.

வழி சுலபம். பியூஸ் கட்டையைப் பிடுங்கி, வேலை செய்பவரே சட்டைப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். டிரிப் சுவிட்ச் என்றால் பெட்டியைப் பூட்டி, சாவியைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். டெஸ்டரை முதலில் கரண்டு உள்ள இடத்தில் வைத்து, எரிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகுதான் வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும்.

தொடாதே!

ஷாக் அடித்தவரை ஓடிப்போய்த் தொடாதீர்கள். மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் தள்ளுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். மூச்சு இல்லை என்றால், ஆம்புலன்ஸ் வரும்வரை நடு நெஞ்சை விடாமல் அழுத்துங்கள்.

கட்டிடத் தொழிலாளர்களில் 18 வயது முடிந்தவர்கள் நல வாரியத்தில் பதியலாம். ஹெல்பர்களே, பதிந்துவிட்டீர்களா?

வீடு, கடை கட்டுகிறவர்களே! நாளைக் காலை கட்டிடத்துக்குப் போனால், சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன் பிளக் பாயிண்டைப் பாருங்கள். தீக்குச்சி இருந்தால் வேலையை நிறுத்துங்கள். ஒரு பிளக், ஒரு வேளை சாப்பாட்டுக் காசுதான்!