கூப்பர் தீவின் கோடைக் கணக்கு

அலாஸ்காவின் வடகோடி ஊரான உட்கியாக்விக்கில் மே 10 வாக்கில் எழும் சூரியன் ஆகஸ்ட் தொடக்கத்தில்தான் மறையும். ஊருக்குக் கிழக்கே சுமார் 40 கிலோமீட்டரில் மரமோ மேடோ இல்லாத ஒரு சரளைத் திட்டு இருக்கிறது. அதுதான் கூப்பர் தீவு. கறுப்பு கில்லிமாட் என்ற கடற்பறவைக்காக 1975 முதல் கோடைதோறும் அங்கே தங்கினார் ஒரு பறவையியலாளர்.

புறா அளவிலான பறவை. இறக்கையில் வெள்ளைத் திட்டு, பளிச்சென்ற சிவப்புக் கால்கள். பாறை இடுக்கில் முட்டையிடும் இனம்; தீவிலோ பாறையே கிடையாது. 1950களில் கடற்படை விட்டுப்போன மரப்பெட்டிகளுக்கு அடியில் 10 ஜோடிகள் கூடு வைத்திருந்ததை 1972இல் கண்டவர், பின்னர் பெட்டிகளைக் கூடாக மாற்றி வைத்துக் கொடுத்தார். 1980களின் இறுதியில் 200 ஜோடிகளைத் தாண்டிவிட்டன.

வெப்பமும் கைகொடுத்தது. முட்டையிட்டுக் குஞ்சு பறக்கச் சுமார் 80 நாள் பனி மூடாத கூடு வேண்டும். பனி சீக்கிரம் உருகியதால் அது கிடைத்தது. சூடு கூடினால் சில உயிர்களுக்கு ஆதாயம்தான் என்பவர்கள் இதோடு நிறுத்திக்கொள்வார்கள்.

நிறுத்தக் கூடாது. குஞ்சுகளின் உணவான ஆர்க்டிக் காட் மீன் கடற்பனியை ஒட்டி வாழ்வது. கோடையில் பனி கரையைவிட்டு விலக விலக, மீனும் எட்டாத தூரத்துக்குப் போனது. தாயும் தகப்பனும் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மீனைத்தான் அலகில் குறுக்காகக் கவ்வி வரும். காட் கிடைக்காதபோது ஸ்கல்பின் என்ற மீன் வருகிறது: முள்ளும் எலும்புமாகப் பெருத்த தலை, குஞ்சின் தொண்டையில் இறங்குவதில்லை. குஞ்சுகளைத் தினமும் எடை போடும்போது இந்தப் பட்டினி தெரிந்துவிடும். இரண்டு குஞ்சில் பிந்திப் பொரித்ததே முதலில் சாகும். பனியை இழந்த வெண்கரடிகள் 2002 முதல் தீவுக்கு வந்து கூடுகளைச் சூறையாடின. மரப்பெட்டிகளுக்குப் பதிலாக உறுதியான பிளாஸ்டிக் பெட்டிகள் வைக்க வேண்டியதாயிற்று. ஜோடிகள் நூற்றுக்கும் கீழே சரிந்தன.

கவலையெல்லாம் இங்கேதான். 15 வருடத்தோடு அவர் மூட்டை கட்டியிருந்தால், இந்தப் பறவை செழிக்கிறது என்றே பதிவாகியிருக்கும். உண்மை வெளிவரப் பின்னும் பல வருடங்கள் பிடித்தன. ஆய்வு நிதியோ பெரும்பாலும் சில வருடத் தவணையில் வருகிறது. அதற்குள் முடிவு கேட்கிறார்கள். ஒரு மனிதரின் ஆயுளை நம்பி ஒரு கடலின் கணக்கை வைத்திருப்பது ஆபத்து. அடுத்த 50 கோடைகளுக்கும் அந்தத் தீவில் ஆள் இருக்க, இப்போதே பணம் ஒதுக்க வேண்டும்.