ஈர்க்குச்சியும் ஓர் ஆயுதம்தான்!

பூஜையறைச் சாளக்கிராமத்தைப் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் சக்கரம் போல ஒரு சுருள் இருக்கும். நேபாளத்துக் கண்டகி நதியில் கிடைக்கும் அந்தக் கல்லில் பதிந்திருப்பது, அம்மோனைட் என்ற ஆதிகாலக் கடல் பிராணியின் ஓட்டு அச்சு.

அதே இனத்துச் சுருள்கள் நம் பக்கத்திலும் உண்டு. சேத்தியாத்தோப்பிலிருந்து காட்டுமன்னார்கோயில், ஜயங்கொண்டம் வழியாக மேற்கே போனால் அரியலூர். சுமார் 10 கோடி வருஷங்களுக்கு முன் அந்தப் பக்கமெல்லாம் கடல்!

அங்கே கிணறு வெட்டிய உறவினர், மண் அப்பிய சிப்பிக் கல் ஒன்றை உங்கள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புகிறார் என்று வைத்துக் கொள்வோம். குடம் தேய்ப்பது போலப் புளி போட்டுத் தேய்க்கத்தானே கை போகும்? கூடவே கூடாது! சிப்பி சுண்ணாம்பால் ஆனது. புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே அதை அரித்துவிடும்.

கருவிக்கு விதி ஒன்றே: அது மண்ணைக் கிளற வேண்டும், சிப்பியைக் கீறக் கூடாது. கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் கணக்கில் நகம் சுமார் 2½, சிப்பியின் சுண்ணாம்பு 3, எஃகு 5½. கம்பி பிரஷ் போட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. முதலில் மெல்லிய வர்ண பிரஷ். பிறகு விளக்குமாற்று ஈர்க்குச்சி அல்லது மூங்கில் சிம்பு. கடைசியில்தான் ஊசி, அதுவும் பூதக்கண்ணாடி வைத்துக் கொண்டு, மண்ணின் மேல் மட்டும்.

தண்ணீர்? கெட்டியான சிப்பி என்றால் ஓரத்தில் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கலாம். எலும்பு என்றால் வேண்டவே வேண்டாம். களிமண் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் சுருங்கும். நடுவே எலும்பு நொறுங்கும்.

வீண் பயமுறுத்தல் அல்ல இது. அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் ஒரு ராட்சத டைனோசாரின் எலும்புகள் கிடைத்தன. ஒரு கால் எலும்பு மட்டும் 2 மீட்டர்! யாதகிரி, அய்யாசாமி என்ற நிபுணர்கள் 1980-களில் அதற்கு 'புருஹத்காயோசாரஸ்' என்று பெயரிட்டார்கள். ஈரத்தில் ஊறியிருந்த அந்த எலும்புகள், சாந்துக் கட்டுப் போட்டும் உள்ளேயே உதிர்ந்து போயின. இன்று மிஞ்சியவை படங்கள்தான்.

ஆகவே, பெரிய எலும்பு எதுவும் கண்ணில் பட்டால் தோண்டாமல் விட்டு, வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்துக்குச் சேதி சொல்லுங்கள்.

இன்னொரு கருவியை மறந்துவிடாதீர்கள்: பென்சில்! கிடைத்த ஊர், இடம், தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழுதிக் கல்லோடு வையுங்கள். எங்கே கிடைத்தது என்று தெரியாவிட்டால், ஆராய்ச்சிக்காரருக்கு அதனால் பாதிப் பிரயோஜனம்கூட இராது.