பரணில் தாத்தா துப்பாக்கி... வைத்திருந்தால் தப்பா? சேகரிப்பு ஆசையும், ஆயுதச் சட்டமும்!

தபால்தலை சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய நாணயம், கிராமபோன், கைக்கடிகாரம் சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள். பழைய துப்பாக்கி சேர்க்கும் ஆசையும் சிலருக்கு உண்டு. ஜமீன் வீடு, எஸ்டேட் பங்களா, ராணுவத்தில் வேலை பார்த்த தாத்தா வீடு என்று தேடினால் பரணிலோ, பீரோவுக்குப் பின்னாலோ இன்றைக்கும் ஒரு இரட்டைக்குழல் தூங்கிக் கொண்டிருக்கும்.

தபால்தலைக்கும் துப்பாக்கிக்கும் ஒரே வித்தியாசம்தான். தபால்தலையை மறந்துவிட்டால் கரையான் அரிக்கும். துப்பாக்கியை மறந்துவிட்டால் போலீஸ் வீட்டுக்கு வரும்!

"சும்மா அழகுக்குத்தானே சுவத்துல மாட்டியிருக்கோம்", "அது சுடவே சுடாதுங்க", "எங்க அப்பா பேர்ல லைசென்சு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சிக்கிக் கொள்பவர்கள்தான் அதிகம். இதில் எது செல்லும், எது செல்லாது? விவரம் இதோ:

2 துப்பாக்கிதான்... அதற்கு மேல் கிடையாது

நம் நாட்டில் துப்பாக்கி விவகாரம் முழுவதும் 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் பிடியில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்து 1878-ம் ஆண்டு சட்டத்தை தூக்கிவிட்டு வந்த சட்டம் இது. 1962 அக்டோபர் 1-ந்தேதி அமலுக்கு வந்தது.

ஆரம்பத்தில் ஒருவர் இத்தனை துப்பாக்கிதான் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பு இல்லை. 1983-ல் திருத்தம் வந்தது. ஒருவருக்கு 3 துப்பாக்கிதான் என்று கட்டினார்கள். 2019 டிசம்பரில் மறுபடியும் திருத்தம். 3 என்பது 2 ஆனது. மத்திய அரசு முதலில் கொண்டு வந்த மசோதாவில் ஒன்றே ஒன்றுதான் என்று இருந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் 2 ஆனது.

கையில் 3 வைத்திருந்தவர்கள் ஒன்றை போலீஸ் நிலையத்திலோ, லைசென்சு பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க ஓராண்டு அவகாசம் தந்தார்கள். அந்த அவகாசம் 2020 டிசம்பரோடு முடிந்துவிட்டது. பரம்பரைச் சொத்தாக வந்த துப்பாக்கியும் இந்த 2 கணக்கில்தான் சேரும். "இது தாத்தா கொடுத்தது, கணக்கில் வராது" என்று வாதாட முடியாது.

ஆக, அமெரிக்காவில் சிலர் வைத்திருப்பது போல ஒரு அறை முழுக்க சுடக்கூடிய துப்பாக்கிகளை அடுக்கி வைத்து அழகு பார்ப்பது இங்கே நடக்கவே நடக்காது. தற்காப்பு, விளையாட்டு, பயிர்ப் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்குத்தான் லைசென்சு. "சேர்ப்பது என் ஹாபி" என்று எழுதிக் கொடுத்தால் கலெக்டர் ஆபீசில் பைல் நகராது.

விதிவிலக்கு பெற்றவர்கள் துப்பாக்கி சுடும் வீரர்கள். சர்வதேசப் பதக்கம் வென்றவர்கள், அங்கீகாரம் பெற்ற முன்னணி வீரர்கள் அதிகபட்சம் 12 வரை வைத்துக்கொள்ள 2020 பிப்ரவரியில் மத்திய உள்துறை சலுகை கொடுத்தது.

லைசென்சு யார் தருவார்?

வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். மாவட்டங்களில் கலெக்டர் அலுவலகம், சென்னை போன்ற மாநகரங்களில் போலீஸ் கமிஷனர் அலுவலகம். போலீஸ் விசாரணை உண்டு. பாதுகாப்பாக கையாளத் தெரியும் என்பதற்கு பயிற்சிச் சான்றும் வேண்டும். முன்பு 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டியிருந்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு 5 ஆண்டு.

ராணுவம், போலீஸ் பயன்படுத்தும் ரகங்கள் "தடை செய்யப்பட்ட போர்" வகையில் வரும். .303 ரைபிள், 9 எம்.எம். பிஸ்டல் எல்லாம் இந்த வகை. அதற்கு கலெக்டர் கையெழுத்து போதாது. டெல்லியில் உள்துறை அமைச்சகம்தான் மனசு வைக்க வேண்டும். பொதுமக்கள் வாங்கக் கூடியது 12 போர் துப்பாக்கி, .315 ரைபிள், .32 ரிவால்வர் போன்றவைதான்.

வெளிநாட்டுத் துப்பாக்கிகளை சாதாரண ஜனங்கள் இறக்குமதி செய்வது 1980-களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டு விட்டது. அதனால்தான் லண்டன், பர்மிங்காமில் செய்த பழைய வெப்லி, கிரீனர், ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் துப்பாக்கிகளுக்கு இன்றைக்கும் கிராக்கி. புதுசு வராது. இருப்பதுதான் கைமாற வேண்டும். கைமாறுவதும் லைசென்சுக்கு லைசென்சுதான்.

அப்பா போய்விட்டார்... துப்பாக்கி?

ரொம்பப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். லைசென்சு துப்பாக்கிக்கு அல்ல, ஆளுக்கு. அப்பா பெயரில் லைசென்சு இருந்தால் அப்பா மட்டும்தான் வைத்திருக்கலாம். அவர் கண்ணை மூடிய பிறகு அந்தத் துப்பாக்கி மகன் வீட்டில் இருந்தால், அது லைசென்சு இல்லாத துப்பாக்கி!

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நிலம், வீடு, நகை எல்லாம் பேசி முடிப்பார்கள். துப்பாக்கியை மட்டும் யாரும் நினைக்க மாட்டார்கள். ஐந்தாறு வருடம் கழித்து அண்ணன் தம்பிக்குள் சொத்துத் தகராறு வரும்போது ஒருவர் போலீசுக்கு போனைப் போடுவார். அப்புறம் என்ன, வழக்குதான்.

சட்டம் சொல்வது இது: லைசென்சுதாரர் இறந்துவிட்டாலோ, லைசென்சு காலாவதியானாலோ, தாமதம் இல்லாமல் துப்பாக்கியையும் தோட்டாக்களையும் அருகில் உள்ள போலீஸ் நிலையத்திலோ, ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைத்து ரசீது வாங்க வேண்டும். பிறகு வாரிசுகளில் ஒருவர் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் ஆட்சேபம் இல்லை என்ற கடிதம் ஆகியவற்றோடு தன் பெயருக்கு லைசென்சு கேட்டு மனு செய்யலாம். கிடைத்தால் துப்பாக்கியை திரும்ப எடுத்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் வியாபாரி மூலம் விற்றுவிடலாம்.

உயிரோடு இருக்கும்போதே மாற்றவும் வழி இருக்கிறது. லைசென்சுதாரருக்கு 70 வயது ஆகிவிட்டாலோ, துப்பாக்கியை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, எது முதலில் வருகிறதோ அப்போது வாரிசுக்கு மாற்றித்தர மனு போடலாம். 2016-ம் ஆண்டு ஆயுத விதிகளில் இது இருக்கிறது. வயதான அப்பா இருக்கும் வீடுகளில் இதை இப்போதே செய்துவிட்டால் பின்னால் தலைவலி இல்லை.

லைசென்சு இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் முன்பு 1 முதல் 3 ஆண்டு ஜெயில். இப்போது குறைந்தது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு. அபராதம் தனி. நடிகர் சஞ்சய் தத் கதை எல்லோருக்கும் தெரியும். 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில் அவரை உள்ளே தள்ளியது சதிக் குற்றச்சாட்டு அல்ல, வீட்டில் ஆயுதம் வைத்திருந்த ஆயுதச் சட்டப் பிரிவுதான். 2013-ல் சுப்ரீம் கோர்ட்டு குற்றத்தீர்ப்பை உறுதி செய்து, தண்டனையை 5 ஆண்டாகக் குறைத்தது. 2016 பிப்ரவரியில்தான் அவர் வெளியே வந்தார்.

பழம்பொருள் என்றால் தப்பிக்கலாமா?

அரைகுறையாகத் தெரிந்துகொண்டு மாட்டுவது இங்கேதான். ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு ஒரு சலுகை தருகிறது. வழக்கொழிந்த மாடல், பழம்பொருள் மதிப்பு உள்ளது, பழுதானது ஆகியவற்றுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் ஒரு கொக்கி இருக்கிறது. அது "பழுது பார்த்தாலும், பார்க்காவிட்டாலும் சுட முடியாததாக" இருக்க வேண்டும்.

அதாவது, துருப்பிடித்து விசை இறுகிப்போன துப்பாக்கி என்றால் மட்டும் போதாது. ஒரு மெக்கானிக் கையில் கொடுத்து எண்ணெய் போட்டு ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், அது துப்பாக்கிதான். "சுடாதுங்க" என்று உரிமையாளர் சொல்வதை யாரும் கேட்க மாட்டார்கள். தடய அறிவியல் ஆய்வகத்து நிபுணர் சோதித்துப் பார்த்துச் சொல்வதுதான் கோர்ட்டில் நிற்கும்.

2020 பிப்ரவரி அறிவிப்பில் இன்னொரு சலுகையும் வந்தது. "கியூரியோ" எனப்படும் அரும்பொருள் வகைத் துப்பாக்கிகளை வாங்கவும், வைத்திருக்கவும் இந்தியக் குடிமக்களுக்கு லைசென்சு தேவையில்லை. ஆனால் சுடுவதற்கோ, வெளியே எடுத்துச் செல்வதற்கோ லைசென்சு கட்டாயம். லைசென்சில் பதியாத துப்பாக்கிக்கு தோட்டாவும் விற்கமாட்டார்கள்.

கையில் இருப்பது அந்த வகைதானா என்பதை வீட்டில் உட்கார்ந்து முடிவு செய்யக் கூடாது. லைசென்சு வழங்கும் அதிகாரியிடம் எழுதிக் கொடுத்து, எழுத்தில் பதில் வாங்கி வைப்பதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு தோட்டாவும் வினைதான்

முழுத் துப்பாக்கி வேண்டும் என்பதில்லை. உதிரி பாகமும், தோட்டாவும் சட்டத்துக்குள் வரும். மீனம்பாக்கம் விமான நிலையத்தில் "பயணி பையில் தோட்டா" என்ற செய்தி அடிக்கடி வருகிறதே, அது இந்த ரகம்தான். ராணுவ உறவினர் கொடுத்த தோட்டாவை ஞாபகார்த்தமாக பையில் போட்டு மறந்திருப்பார்கள். ஸ்கேனரில் பளிச்சென்று தெரிந்துவிடும்.

ஆயுதம் தன்னிடம் இருப்பது தெரிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று சுப்ரீம் கோர்ட்டு பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. தெரியாமல் பையில் கிடந்தது என்று நிரூபித்தால் விடுதலை கிடைக்கலாம். ஆனால் அதற்குள் விமானம் போய்விடும், வக்கீல் பீஸ் ஏறிவிடும்.

சொந்தமாகச் செய்தால்?

சேர்ப்பதை விட பெரிய வம்பு, செய்வது. அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு வீட்டிலேயே துப்பாக்கி செய்துகொள்ள பெரும்பாலான மாகாணங்களில் தடையில்லை. விற்பதற்குத்தான் லைசென்சு. அதை இன்டர்நெட் வீடியோவில் பார்த்துவிட்டு இங்கே பட்டறையில் முயற்சி செய்தால் வாழ்க்கையே போச்சு.

லைசென்சு இல்லாமல் துப்பாக்கி செய்தால் 2019 திருத்தப்படி குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. புதிதாகச் செய்வது மட்டும் அல்ல, பழுது பார்ப்பது, குழலை வெட்டிக் குட்டையாக்குவது, பொம்மைத் துப்பாக்கியை நிஜத் துப்பாக்கியாக மாற்றுவது எல்லாவற்றுக்கும் லைசென்சு வேண்டும். லைசென்சு துப்பாக்கி வைத்திருப்பவர் அதைத் துடைக்கலாம், எண்ணெய் போடலாம். ரிப்பேர் என்றால் லைசென்சு பெற்ற கடைக்குத்தான் போக வேண்டும்.

ஜப்பானில் ஒருவர் 3டி பிரிண்டரில் பிளாஸ்டிக் துப்பாக்கி செய்து 2014-ல் மாட்டினார். 2 ஆண்டு ஜெயில். அதே ஜப்பானில் 2022 ஜூலையில் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே சுட்டுக் கொல்லப்பட்டார். கொலையாளி பயன்படுத்தியது வீட்டில் செய்த துப்பாக்கி. அதற்குப் பிறகு எந்த நாட்டுப் போலீசும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

மலைக்கிராமத்து நாட்டுத்துப்பாக்கி

நம் ஊரில் இந்தப் பிரச்சினைக்கு வேறு முகம் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தர்மபுரி, சேலம், வேலூர் பக்கத்து மலைக்கிராமங்களில் காட்டுப்பன்றியை விரட்டவும், முயல் வேட்டைக்கும் நாட்டுத்துப்பாக்கி வைத்திருப்பது தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம். குழல் வழியாக மருந்தும் ரவையும் இடிக்கும் பழைய ரகம். பயிர்ப் பாதுகாப்புக்கு இந்த ரகத்துக்கு லைசென்சு தர சட்டத்திலேயே இடம் உண்டு. ஆனால் பலர் கேட்பதில்லை. 1972-ல் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டையும் குற்றமாகி விட்டது.

பட்டறை வேலையில் செய்த துப்பாக்கி என்பதால் குழல் வெடித்து, வைத்திருப்பவரின் விரலும் கண்ணும் போகும் ஆபத்தும் உண்டு. அதனால் போலீசார் அவ்வப்போது தண்டோரா போட்டு, "தாங்களே முன்வந்து ஒப்படைத்தால் வழக்கு இல்லை" என்று அறிவிக்கிறார்கள். ராத்திரியோடு ராத்திரியாக ஊர்ப் பொது இடத்தில் துப்பாக்கிகளை வைத்துவிட்டுப் போவார்கள். காலையில் ஊர்ப் பெரியவர்கள் அதை எடுத்துப் போய் போலீசில் கொடுப்பார்கள். அறிவிப்பு வரும் சமயத்தில் ஒப்படைப்பதுதான் லாபம். அந்தத் தேதி போனால் பழையபடி வழக்குதான்.

குடகுக்கு மட்டும் ஏன் சலுகை?

பக்கத்து கர்நாடகத்தில் குடகு மாவட்டத்துக் கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்சிலிருந்து விலக்கு உண்டு. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து வரும் சலுகை. அவர்களுடைய கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்கு பூஜையே நடக்கும். இதை எதிர்த்த வழக்கை 2021-ல் கர்நாடக ஐகோர்ட்டு தள்ளுபடி செய்தது. 2029 வரை சலுகை நீட்டிக்கப்பட்டுள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

ஆசை இருந்தால் வழியும் இருக்கிறது

துப்பாக்கி மீது ஆசை இருப்பது குற்றமல்ல. சென்னை, கோவை, மதுரை, திருச்சி என்று ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. 2022 ஜூலையில் திருச்சியில் நடந்த மாநிலப் போட்டியில் நடிகர் அஜித் கலந்துகொண்டு பதக்கம் வென்ற பிறகு இளைஞர்கள் கூட்டம் இதில் கூடியிருக்கிறது. அங்கீகாரம் பெற்ற கிளப்பின் உறுப்பினர் .22 ரைபிளிலோ, ஏர் ரைபிளிலோ இலக்குப் பயிற்சி செய்ய தனி லைசென்சு தேவையில்லை. 0.177 அளவு, 20 ஜூலுக்கு மிகாத ஏர் ரைபிளை வீட்டில் வைத்திருக்கவும் லைசென்சு வேண்டாம்.

பழைய துப்பாக்கிகளை ரசிக்க வேண்டும் என்றால் எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்த ஆயுதங்களைப் பார்க்கலாம். கோட்டை அருங்காட்சியகமும் இருக்கிறது. டிக்கெட் செலவோடு முடிந்துவிடும்.

பரணில் உறை போட்ட நீளமான சாமான் ஏதாவது கிடந்தால், இந்த வாரமே இறக்கிப் பார்ப்பது நல்லது. லைசென்சு புத்தகத்தில் யார் பெயர் இருக்கிறது, தேதி எப்போது முடிந்தது, நாடு முழுவதற்குமான பதிவேட்டு எண் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த எண் இல்லாத லைசென்சு செல்லாது. சந்தேகம் என்றால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கக் கூடாது. முதலில் போலீஸ் நிலையத்துக்கு தகவல் சொல்லி, அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த ரசீது பத்திரமாக இருந்தால் தாத்தாவின் துப்பாக்கியும் பத்திரம், பேரனும் பத்திரம்.